லாரிக்குப் போட்ட கல்யாணப் பாய்

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். அத்திம்பேருடைய லாரிக்குத் தரைவிரிப்பு மாற்ற வேண்டும்.

லாரி என்றால் பெரிய லாரி இல்லை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. அத்திம்பேர், அதாவது என் அக்கா புருஷன், மாதுங்காவில் காப்பிக்கொட்டை வியாபாரம் செய்கிறார். மூட்டை ஏற்றுவதற்காகப் பழசாக வாங்கிய வண்டி அது. வாங்கும்போதே அதற்கு நல்ல வயசு. பின்பெட்டியில் பலகைமேல் போட்டிருந்த ரப்பர் விரிப்பு கிழிந்து, பலகை இடுக்கு வழியாக ரோடு தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் எனக்குப் பெண் பார்க்கக் குடும்பத்தோடு அந்த லாரியில்தான் போவதாக இருந்தது.

“பொண்ணோட அப்பா ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவர். பையன் பொறுப்பானவனா, அது ஒண்ணுதான் அவருக்குத் தெரியணுமாம்” என்று சொல்லிவிட்டு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பார்வைக்குக் காரணம் உண்டு. அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் என்னால்தான் தட்டிப்போயின. ஒரு வீட்டில் பெண்ணின் தங்கையைப் பார்த்துவிட்டு, ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு வீட்டுக் கதை வேண்டாம், விடுங்கள்.

இந்தத் தடவை எனக்கே கவலை. பெண்ணின் பெயர் விசாலம். போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததிலிருந்து வேறு இடம் பார்க்க எனக்கு மனசே இல்லை.

“தரையை மட்டுமாவது ஒழுங்கா மாத்திண்டு வா” என்று சாவியைக் கொடுத்தார் அத்திம்பேர்.

தாராவியில் ஒரு திருநெல்வேலி சாயபு கயிறு, சாக்கு, பாய் எல்லாம் வைத்திருந்தார். அவரிடம் போய் ரப்பர் விரிப்பு கேட்டேன்.

“ரப்பருக்கு எங்க போவ? எல்லாம் பட்டாளத்துச் சண்டைக்குல்லா போவுது. சாக்கை ரெண்டு மடிப்பா அடிச்சுத் தாரேன், கொண்டு போங்க.”

பெண் பார்க்கச் சாக்கில் உட்கார்ந்து போவதா? என் கண் சுவரோரம் போயிற்று. அங்கே சுருட்டி வைத்திருந்தது பத்தமடைப் பாய். கரையில் சிவப்பும் பச்சையும். தொட்டால் பட்டு மாதிரி இருந்தது.

“இதைப் போடுங்கோ” என்றேன்.

“லாரியிலயா? இது கல்யாண வீட்டுல விரிக்க பாயில்லா.”

“என் கல்யாணத்துக்குத்தான்.”

“அப்பம் சரி” என்று எழுந்தார். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு லாரியில் ஏறினார். பாயை இழுத்து விரித்துச் சுற்றிலும் பித்தளைக் குமிழ் ஆணி அடித்தார். மிஞ்சிய துண்டை முன்பக்கமும் போட்டார். பிறகு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். இதையெல்லாம் நான் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டட வாசலில் லாரியைச் சுற்றி ஒரே பாராட்டு.

“முதல் தடவையா ஒரு காரியத்தை உருப்படியாப் பண்ணியிருக்கான்” என்றார் அப்பா.

ஏறுவதற்கு ஒரு முக்காலி போட்டோம். அப்பா, அம்மா, அக்கா ஒவ்வொருவராகப் பின்னால் ஏறினார்கள். பெரியப்பா முன்னால் ஏறினார். கடைசியாக நான். ஆபீஸ் கோட்டு, புது பூட்ஸ். முக்காலியில் உட்கார்ந்து, நிதானமாக லேஸை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் ஜோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு ஏறினேன்.

அத்திம்பேரும் வெறுங்காலோடுதான் பிரேக்கை மிதித்தார்.

வண்டி கிளம்பியதும் பாயின் அருமை தெரிந்தது. வழவழவென்று இருந்தது. பிரேக் போட்டால் நாங்கள் எல்லோரும் முன்னால் போனோம். சயான் மேட்டில் ஏறும்போது பின்னால் போனோம். அம்மா பழத்தட்டை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல பாய்டா. ஒரு இடத்துல உக்கார விடமாட்டேங்கறது” என்றாள் அக்கா.

செம்பூர் வந்தது. பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்று கைகூப்பினார்.

முதலில் அப்பா இறங்கினார். வலது கால் தரையில் இப்படியும் அப்படியும் துழாவிற்று. அடுத்து இடது கால் துழாவிற்று. அம்மா இறங்கினாள், அவள் காலும் துழாவிற்று. முன்பக்கம் பார்த்தால் அத்திம்பேரும் பெரியப்பாவும் தலையைக் குனிந்து மண்ணில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயைக் கண்டதும் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. அத்தனையும் மாதுங்காவில், முக்காலியைச் சுற்றி இருக்கின்றன. முக்காலியும் அங்கேதான்.

பெண்ணின் அப்பா எங்கள் கால்களை ஒரு வரிசையாகப் பார்த்தார்.

“ஏன், யாருமே செருப்பு போட்டுக்கலையா?”

போச்சு, மூன்றாவது இடமும் போச்சு என்று நினைத்தேன். அப்பா மட்டும் அசரவில்லை.

“குருவாயூரப்பனுக்கு ஒரு வேண்டுதல். இவனுக்கு நல்ல இடத்துல அமையணும்னு குடும்பமே செருப்பை விட்டுட்டோம்.”

“எல்லாருமா?”

“எல்லாருமேதான். அவன் தாலி கட்டற வரைக்கும் தொடறதில்லை.”

அப்பாவிடம் ஒரு குணம். பொய் சொன்னால் தாராளமாகச் சொல்வார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பழமெல்லாம் வெந்திருக்கும்.

ஆனால் பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு குடும்பமா” என்று அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

விசாலம் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை என்னிடம் நீட்டும்போது குனிந்து என் காலைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

அவள் அப்பா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “அவளுக்கு சம்மதம். தை பொறக்கற வரைக்கும் காத்திண்டிருக்க வேண்டாம், வைகாசியிலேயே வச்சுக்கலாம்” என்றார். எங்கள் கால்கள் படும் கஷ்டத்தை நினைத்துத்தான் அவர் அவ்வளவு அவசரப்பட்டார். எங்கள் வீட்டையும் பார்த்துவிடுகிறேன் என்று லாரியிலேயே கூட வந்தார்.

மாதுங்காவில் முக்காலி இருந்தது. அதைச் சுற்றி எங்கள் செருப்பெல்லாம் பத்திரமாக இருந்தன.

“இதெல்லாம் யாரோடது?” என்றார் சம்பந்தி.

“மாடில குடியிருக்கறவா. எப்பவும் இப்படித்தான் போட்டுட்டுப் போயிடுவா” என்றார் அப்பா. எங்கள் செருப்பை நாங்களே தாண்டிக்கொண்டு உள்ளே போனோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? சம்பந்தி கோயிலுக்கு, காய்கறிக்கு என்று அடிக்கடி மாதுங்கா வருவார். எந்த நேரம் எந்தத் தெருவில் நிற்பார் என்று தெரியாது. ஆகவே சித்திரை வெயிலில் ஒரு குடும்பமே வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தது. நான் கோட்டும் டையுமாக அப்படியே ஆபீஸ் போனேன். தார் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் பெரியப்பா குருவாயூரப்பனைக் கூப்பிடவில்லை. என் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்.

தாலி கட்டி அட்சதை ஈரம் கூடக் காயவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் மண்டப வாசலுக்கு ஓடினார்கள், செருப்பு மாட்டிக்கொள்ள.

கல்யாணம் ஆகி ஒரு வாரம் கழித்து விசாலத்திடம் மெல்லக் கேட்டேன். “உங்கப்பா அந்த வேண்டுதலை அப்படியே நம்பிட்டார். நீயும் நம்பினியா?”

“வேண்டுதல் பண்ணிண்டவா யாராவது காலுறை போட்டுண்டு வருவாளா?”

லேஸை அவிழ்த்த நினைப்பு எனக்கு இருந்தது. காலுறை நினைப்பு இல்லை.

“அப்போ உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே. நாங்க வெயில்ல வெந்து செத்தோம்.”

“சொல்லியிருப்பேன்” என்றாள், போட்டோவில் பார்த்த அதே சிரிப்போடு. “சொன்னா இந்த இடம் வேண்டாம்பார். எனக்குத்தான் வேணுமா இருந்தது.”

இப்போது அந்த லாரியில் சாக்குதான் விரித்திருக்கிறது. அதில் ஏறும்போதும் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.