நாலு சனிக்கிழமையும் ஒரு படகும்

தவசிமுத்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்த வீட்டில் எடுக்கப்படும் முடிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழகுத்தாய்தான் எடுப்பாள். மிச்சமிருந்த ஒன்றை இன்று அவரே எடுத்தார். இந்தப் புரட்டாசியில் சனிக்கிழமைதோறும் கண்மாயில் படகு விட்டு மீன் பிடிப்பது!

படகு என்றதும் கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள ரப்பர் குழாய், நடுவில் ஒரு இருக்கை, இரண்டு துடுப்பு. கால் பம்பால் காற்றடித்தால் ஒரே ஒரு ஆள் உட்காரலாம். அந்த ‘ஒரே ஒரு ஆள்’ என்பதைப் படித்துவிட்டுத்தான் தவசிமுத்து செல்போனில் ஆர்டர் போட்டார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் தனியாக உட்கார்ந்த இடம் பல் டாக்டரின் நாற்காலி மட்டும்தான். அங்கேயும் எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னவள் அழகுத்தாய்.

ராஜபாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் தவசிமுத்து ஆசைப்பட்டு வாங்கிய எதுவும் வீட்டில் தங்கியதில்லை. காளான் வளர்த்தார், கட்டிலுக்கு அடியில் வேறு என்னவோ வளர்ந்தது. ராஜபாளையம் நாய் வாங்கினார். அது மூன்றாம் நாளே எதிர்வீட்டில் குடியேறி, அங்கிருந்து இவரைப் பார்த்துக் குரைத்தது. “இனிமே புதுசா ஒண்ணு இந்த வாசப்படி ஏறுச்சுன்னா நான் எறங்கிருவேன்” என்று அழகுத்தாய் அன்றே சொல்லிவிட்டாள்.

போதாததற்குப் புரட்டாசி வேறு. மாதம் பிறந்த அன்றைக்கு மீன் சட்டி பரணில் ஏறினால் ஐப்பசி ஒன்றாம் தேதிதான் இறங்கும். அதுவரை அந்த வீட்டில் மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆவணியில் வர வேண்டிய படகோ சாவகாசமாகப் புரட்டாசி முதல் வாரம் வந்து சேர்ந்தது. அவர் கடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கும் சாகுல் ஹமீதின் குடோனில், குடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. கையில் படகை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருக்க அவர் என்ன முனிவரா?

அன்று சாயங்காலம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

“ஏட்டி அழகு, ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன்.”

“யாருக்கு?”

“நம்ம மாரிசெல்விக்குத்தான். பிள்ள பரீச்சை எழுதி எழுதி வெரலு தேஞ்சு போச்சு. அவளுக்கு ஒரு வேலை கெடைக்கணும்னு, புரட்டாசி சனிக்கிழமை நாலும் ஸ்ரீவில்லிபுத்தூரு பக்கத்துல இருக்க திருவண்ணாமலை மலைக்கோயிலுக்கு நடந்தே வாரேன்னு பெருமாள்ட்ட சொல்லிட்டேன்.”

“நடந்தா? தெருமுக்குல பால் வாங்க பைக்க எடுக்க ஆளு நீங்க.”

“அதனாலதாம்டி அது வேண்டுதல்.”

அழகுத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தவசிமுத்துவுக்கே தன் நடிப்பின்மேல் மரியாதை வந்துவிட்டது.

“செத்த நேரம் இருங்க” என்று உள்ளே போனவள், ஒரு துளசிமணி மாலையோடு வந்து அவர் கழுத்தில் போட்டாள். “வேண்டுதல்னா வெரதமும் உண்டு. சனிக்கிழமை காலையில இருந்து பொழுதடையிற வரைக்கும் பச்சத்தண்ணிதான். காலுல செருப்பு கெடையாது.”

“செருப்புமா?”

“பெருமாளுக்குத்தான நடக்கிய? அவரு பாத்துக்கிடுவாரு.”

முதல் சனிக்கிழமை, தெருவே பார்க்க அவர் வெறுங்காலோடு கிளம்பினார். தெருமுனை திரும்பியதும் சாகுல் ஹமீதின் பைக்கில் ஏறிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் வைகுண்டராஜ் மீன் குத்தகை எடுத்திருந்த கண்மாய். தூண்டில் போடுவதற்கு அவரிடம் சொல்லியாகிவிட்டது. கால் மணி நேரம் காற்றடித்ததில் படகு உப்பியது, தவசிமுத்து இளைத்தார். மிதவைச் சட்டையை மாட்டி, தொப்பி வைத்து, வீரமாகத் துடுப்பைப் போட்டார். கரையிலிருந்து வைகுண்டராஜ் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி!”

“என்ன?”

“அந்தப் பக்கம் முழங்கால் தண்ணிதான். எறங்கி நடந்தியன்னா வெரசா போயிரலாம்.”

தவசிமுத்து காதில் வாங்கவில்லை. நடுக் கண்மாய்க்குப் போனதும் துடுப்பை மடியில் வைத்தார். மேற்கே மலை. சுற்றிலும் தண்ணீர். பக்கத்தில் யாரும் இல்லை. ‘கரண்ட் பில் கட்டியாச்சா?’ என்று கேட்க ஒரு குரலும் இல்லை. அந்த அரைமணி நேரம் தவசிமுத்து உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். அப்போது தூண்டில் முள்ளில் இரையாக மாட்டியிருந்த ரப்பர் தவளையை ஏதோ ஒன்று வெடுக்கென்று இழுத்தது. விரால்! முழங்கை நீளம்! வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இழுத்த இழுப்புக்கு ஒன்று வந்தது.

வாளித் தண்ணீரில் மீனைப் போட்டுக்கொண்டு நேராக சாகுல் ஹமீதின் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி சௌதாவின் கைப்பக்குவம் ஊரறிந்தது. தவசிமுத்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சௌதா ஒரு செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“சௌதா, மீனு?”

“அல்லா! வெரதம் இருக்க மனுசருக்கு மீனு பொரிச்சுக் குடுத்து அந்தப் பாவத்த நான் சொமக்கவாண்ணே? மதினி நேத்தே போன்ல சொன்னாவ, அண்ணன் பச்சத்தண்ணிதான் குடிப்பாகன்னு.”

“அப்ப அந்த விராலு?”

“வெரால் லேசுல சாகாதுண்ணே. தொட்டியில தண்ணி விட்டுப் போட்டுருக்கேன். ஐப்பசி பொறக்கட்டும்.”

அதுவும் சரிதான் என்று பட்டது. வழியில் ஒரு பூக்கடையில் துளசி வாங்கிக்கொண்டு, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நொண்டினார்.

“ஏங்க, பாதத்துல ஒரு கொப்புளம் கூட இல்லியே?”

“பெருமாள் தாங்கிப் பிடிக்காரு.”

“மூக்கு இம்புட்டுக் கருத்திருக்கு?”

“அங்க வெயிலு ஜாஸ்தி.”

“பூனை ஏன் உங்க காலையே சுத்துது?”

“பக்தியான பூனைடி.”

அழகுத்தாய் தலையை ஆட்டினாள். தவசிமுத்துவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டாவது சனிக்கிழமை இரண்டு விரால். மூன்றாவதில் ஒன்று. நான்காவதில் மூன்று. ஒவ்வொரு வாரமும் சௌதா செம்புத் தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டார். ஏழு விரால். வயிறு காய்ந்தாலும் மனசுக்குள் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. ஐப்பசி ஒன்றாம் தேதிக்காக அவர் காத்திருந்த மாதிரி, தன் கல்யாணத் தேதிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

புரட்டாசி முடிய மூன்று நாள் இருக்கும்போது மாரிசெல்வி செல்போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே ஓடி வந்தாள்.

“அப்பா! வேலை கெடைச்சிருச்சுப்பா! மதுரையில போஸ்டிங்!”

தவசிமுத்து கையிலிருந்த செம்புக் கம்பியை அப்படியே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். நாலு வருஷம் விடிய விடியப் படித்த பிள்ளை. அழுது முடித்த பிறகுதான் அந்த வேண்டுதல் நினைவுக்கு வந்தது. பெருமாளே, நான் வரவே இல்லையே, நீர் எப்படியய்யா கொடுத்தீர்?

ஐப்பசி பிறந்தது. மத்தியானம் கடையிலிருந்து வந்தபோது தெருமுனையிலேயே வாசனை வரவேற்றது. நல்லெண்ணெயும் புளியும் பூண்டும் சேர்ந்த விரால் குழம்பு. தன் வீட்டு வாசனை! சமையல்கட்டில் மீன் சட்டி பரணிலிருந்து இறங்கியிருந்தது. மாரிசெல்வியும் சாகுல் ஹமீதும் சௌதாவும் ஏற்கெனவே இலையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் இலையிலும் ஆளுக்கு இரண்டு துண்டு. தவசிமுத்து அவசரமாகச் சம்மணம் போட்டார். அழகுத்தாய் அவர் இலையில் சோற்றை வைத்தாள். ரசத்தை ஊற்றினாள்.

“அழகு... குழம்பு?”

“அது எப்படிங்க? வேண்டுதல் பாக்கி இருக்குல்லா.”

“பாக்கியா? நாலு சனிக்கிழமையும்—”

“படகுல போனிய. பெருமாள்ட்ட நடந்து வாரேன்னுல்லா சொன்னிய.”

சாகுல் ஹமீது முள்ளெடுப்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

“யாரு... யாரு சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. எம் போன் நம்பரைப் போட்டு ஆர்டர் பண்ணிட்டு, யாரு சொன்னாங்கியளே! ‘அம்மா, படகு வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க’ன்னு டெலிவரிக்காரன் எனக்குத்தான் போன் போட்டான். சொன்னேன். பொறவு சௌதாவுக்குப் போன் போட்டேன்.”

“அன்னைக்கே தெரியுமா? கண்ணத் தொடச்சியே!”

“சிரிப்ப அடக்குனா கண்ணுல தண்ணி வராதா?” என்றவள் குரலைத் தணித்தாள். “எனக்காகப் போக வேண்டாம். பிள்ள பேரச் சொல்லிக் கேட்டிய. பெருமாள் அவரு பங்கச் செஞ்சிட்டாரு. நீங்க?”

தவசிமுத்து மகளைப் பார்த்தார்.

“புரட்டாசிதான் முடிஞ்சு போச்சே?” என்று கடைசியாக ஒரு துடுப்பைப் போட்டுப் பார்த்தார்.

“ஐப்பசியிலயும் பெருமாள் அங்கதான் இருக்காரு. நாலு சனிக்கிழமை நடங்க. நாலாவது சனிக்கிழமை திரும்பி வந்ததும் ஒரு முழு விரால உங்களுக்கே வைக்கேன்.”

“அதுவரைக்கும் படகு?”

“காத்தடிக்காமப் போட்டு வச்சா ரப்பரு ஒட்டிக்கிடும். நான் பாத்துக்கிடுதேன். நான் பெறந்த சேத்தூரு வீட்ட விட்டு எறங்குனா கண்மாய். நான் நீந்தப் பழகிட்டுத்தான் நடக்கவே பழகுனேன்.”

அடுத்த சனிக்கிழமை தவசிமுத்து நிஜமாகவே நடந்தார். பதினைந்து கிலோமீட்டர். ஐந்தாவது கிலோமீட்டரில் முதல் கொப்புளம் வந்தது. இனி யாரிடமும் நொண்டி நடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் காலை வெயில் இதமாக இருந்தது. மகள் வேலைக்குப் போகப்போகிறாள். அதற்கு இவ்வளவாவது நடக்கலாம் என்று அவருக்கு மனசாரத் தோன்றியது.

வழியில் அந்தக் கண்மாய். நடுத் தண்ணீரில் பூப்போட்ட குடை ஒன்று மிதந்தது. குடைக்குக் கீழே அழகுத்தாய். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தூண்டிலைச் சுண்டினாள். முழங்கையைத் தாண்டிய விரால் ஒன்று துள்ளி வந்தது. கரையில் வைகுண்டராஜ் வாயைப் பிளந்து நின்றார். தவசிமுத்துவுக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க! இதுல ஒத்த ஆளுதான் உக்கார முடியுது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம போரடிக்கு. ரெண்டு பேரு உக்கார்ற படகு ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன்!”

தவசிமுத்துவின் கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது. என்ன இருந்தாலும் இருபத்தாறு வருஷத்துப் பாசம்! கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

“எப்ப வருதாம் அழகு?”

“வார சனிக்கிழமை! சௌதா துடுப்புப் போடப் பழகிக்கிட்டு இருக்கா. நீங்க நிக்காம நடங்க!”