நாற்பது நாள் கீரை

பாலக்கரை, திருச்சி
ஏப்ரல் 24

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஸ்டீபன்ராஜ் அவர்களுக்கு,

ஸ்தனிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை லூர்துவும் சுகம். தாம்பரத்தில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் தங்கள் வீட்டில் நிறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் நாலு வாக்கியம் பேசிவிடுகிறீர்கள். ஆகையால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் நடந்தது தங்களுக்குத் தெரியும். லூர்துவின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறுதான் இருக்கிறது, பத்தரையாவது ஆகாமல் ஆபரேஷன் கிடையாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து, கீரை நிறையச் சாப்பிடச் சொன்னார். அதைக் கேட்டதும் தாங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாப்ள, உங்களுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. நான் வந்து லூர்துவ இங்க கூட்டிட்டு வந்துடறேன்." முப்பத்தாறு வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து, ஆயிரக்கணக்கான புத்தகங்களை அதனதன் இடத்தில் வைத்தவன் நான். நாலு கீரையைச் சட்டியில் வைக்க முடியாதா என்ற ரோஷம் வந்துவிட்டது. லூர்துவால் அடுப்படியில் நிற்க முடியாமல் போனதிலிருந்து வாங்கிவந்த மெஸ் சாப்பாட்டை அன்றைக்கே நிறுத்தினேன். சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, இந்தத் தவக்காலம் நாற்பது நாளும் வீட்டில் தினம் ஒரு கீரை, என் கையால், என்று மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டேன்.

அகத்திக்கீரை ரத்தத்துக்கு நல்லது என்றும், அது ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் என்றும் யாரோ சொல்ல, நெற்றிச் சாம்பலோடு பஸ் ஏறினேன். அங்கே பவுனம்மாள் என்கிற அம்மா கட்டுக்கட்டாக அகத்தி அடுக்கி வைத்திருந்தார், பக்கத்தில் ஒரு பசுவும் கன்றும் கட்டியிருந்தன. ரெண்டு கட்டு கேட்டேன். காசை வாங்கிக்கொண்ட அந்த அம்மா ரெண்டு கட்டையும் பிரித்து அந்தப் பசுவின் வாயில் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் ரெண்டு கட்டு கேட்டேன். இந்தத் தடவை கன்றுக்குப் போயிற்று. கும்பிட்டுக்குங்க என்றார். சும்மா நிற்கக் கூடாதே என்று கும்பிட்டும் வைத்தேன். பிறகுதான் கூச்சத்தை விட்டு, கீரை என் கையில் வேண்டும் என்று சொன்னேன். "வீட்ல மாடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "இல்லங்க, வீட்டுக்காரிக்கு" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பசு உட்பட. விவரம் தெரிந்ததும் பவுனம்மாள் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அகத்தி வேண்டாம் என்றும், நாளையிலிருந்து ஜீயபுரத்திலிருந்து சிறுகீரையும் முருங்கையும் கொண்டுவந்து தனியாக எடுத்து வைப்பதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

மறுநாள் முருங்கைக்கீரை. அதை உருவ வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, எந்தப் பக்கத்திலிருந்து உருவுவது என்று தெரியாது. கூடத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாகக் கிள்ளி இரண்டரை மணி நேரத்தில் ஒரு முறம் சேர்த்தேன். வேர்த்துக் கொட்டியதால் எழுந்து ஃபேனைப் போட்டேன். அதற்குமேல் நான் விவரிக்கத் தேவையில்லை. இன்று காலைகூடத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாலிருந்து நாலு இலை எடுத்தேன். அதற்கு அடுத்த நாள் சிறுகீரையை ஒரே தண்ணீரில் அலசிவிட்டு வேகவைத்தேன். லூர்து ஒரு வாய் வைத்தாள், நறநறவென்று சத்தம் கேட்டது. "காவேரியில பாதிய வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மண் தங்கிய தண்ணீரைக் கீரையின் தலைமேலேயே கவிழ்ப்பதுதான் என் தவறு, கீரையைத் தண்ணீரிலிருந்து மேலே அள்ளி எடுக்க வேண்டும், மூன்று தடவை அப்படிச் செய்ய வேண்டும் என்று மாடி வீட்டு ஜஹானாரா சொல்லிக் கொடுத்தார். அவர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் மூன்று தடவை சரிபார்ப்பார். அதற்கப்புறம் மண் போயிற்று. ஆனால் குக்கரில் ஐந்து விசில் விட்டதில் பச்சையும் போய், கீரை பழைய புத்தக அட்டை நிறத்துக்கு வந்தது. கீரைக்கு மூடியே போடக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குமேல் அடுப்பில் வைக்கவும் கூடாது என்பதை எட்டாம் நாள்தான் கண்டுபிடித்தேன். இப்படி விழுந்து எழுந்து மூன்று வாரம் ஓட்டி, மார்ச் இருபத்தாறாம் தேதி ரத்தம் எடுத்துப் பார்த்தால், எட்டு புள்ளி ஏழு.

மச்சான், அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தங்களுக்குப் போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாம் என்று எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் லூர்துவை வீட்டில் காணோம். தேடிக்கொண்டு போனால், மாடிப்படியில் மூன்றாம் படியில் உட்கார்ந்து, ஜஹானாரா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பிட்ட சத்து ரத்தத்தில் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். மூன்று வாரமாகத் தினம் மதியம் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. விஷயம் தெரியாமல் கொடுத்துவந்த ஜஹானாராவுக்கு முகமே செத்துவிட்டது. சந்தேகம் வந்து மாத்திரை டப்பாவைத் திறந்தேன். முதல் அட்டையில் மூன்று மாத்திரைதான் காலியாகியிருந்தது.

நான் சத்தம் போடவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். டீக்கு என்ன காரணம் என்றேன். "ரத்தம் ஏறலன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்கள்ல" என்றாள்.

தங்கள் தங்கையைத் தங்களுக்குத் தெரியும். மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லின்சியைப் பெற்றபோதுகூட அழாதவள். அவளுக்குள் இவ்வளவு பயம் இருந்தது முப்பத்தெட்டு வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த கரண்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். கடைசியில் சொன்னேன், "சரி, ஆபரேஷன் வேணாம். நானே டாக்டர்ட்ட சொல்லிடறேன். ஆனா கீரை நிக்காது."

"ஆபரேஷன் இல்லன்னா கீரை எதுக்கு?"

"பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள உனக்கு மூச்சு வாங்குது. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்று சாயந்திரம் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வயிற்றைப் புரட்டாத வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் மதியம் முருங்கைக்கீரையை, இப்போது இருபதே நிமிடத்தில், காம்போடு சேர்த்துப் பிடித்து உருவி, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, ரெண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினேன். சோற்றில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டவள், இன்னும் இருக்கா என்று கேட்டாள். என் பங்கையும் அவள் தட்டில் போட்டேன். அதற்கப்புறம் எனக்குக் கை பழகிவிட்டது. திங்கட்கிழமை சிறுகீரை கடைசல், பாசிப்பருப்பு போட்டு, இறக்கினதும் எலுமிச்சை பிழிந்து. செவ்வாய் வெந்தயக்கீரை போட்டுப் பிசைந்த சப்பாத்தி. புதன் பொன்னாங்கண்ணிப் பொரியல், தேங்காய் தாராளமாக. முருங்கைக்கீரை அடை சுட்டால் மாடிக்கும் நாலு போகிறது. இந்த வயது வரைக்கும் கீரையை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்த நான், இப்போது மத்தால் கடைந்த சட்டியை வழித்துச் சாப்பிடுகிறேன். நிஜமாகவே ருசியாக இருக்கிறது, மச்சான்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தோம். பத்து புள்ளி ஆறு. மாத்திரையும் காரணம் என்கிறார் டாக்டர், இருக்கட்டும், பாதியை விட்டுக்கொடுக்கிறேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் லூர்துவே சொன்னாள், "தேதி கேட்டுடுங்க. மூச்சு வாங்கல. காலையும் பாத்துடலாம்."

ஆகவே தாங்கள் முப்பதாம் தேதி காரோடு வருவதாகச் சொன்னதை இத்துடன் கைவிடக் கேட்டுக்கொள்கிறேன். அவளைத் தாம்பரத்துக்கு அழைத்துப்போகவும் வேண்டாம், எனக்குத் துணையாக இங்கே வந்து தங்கவும் வேண்டாம். ஆபரேஷனும் சரி, அதற்கப்புறம் சமையலும் சரி, நான் ஒருவனே பார்த்துக்கொள்வேன். இது என் உறுதியான முடிவு. எல்லாம் முடிந்து அவள் நடக்க ஆரம்பித்ததும் விருந்தாளியாக வாருங்கள், ஆறு கீரை வைத்துச் சாப்பாடு போடுகிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். ஆரோக்கிய மாதா தங்கள் இருவரையும் தன் அடைக்கலத்தில் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மே இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோய்விட்டால் கதவைச் சாத்திவிடுவார்களாம். இரண்டரை மணி நேரம் ஆகுமாம். கூட வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். லூர்து சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அப்போதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். மேலே எழுதியதெல்லாம் கிடக்கட்டும், மச்சான். முப்பதாம் தேதி வேண்டாம், இருபத்தொன்பதே கிளம்பி வந்துடுங்க.