எதிரிக் கம்பெனி வண்டி

வருடத்தில் எத்தனையோ நாள் இருக்க, மினோராவின் கார் அன்றைக்குப் பார்த்துத்தான் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. முதலில் இருமியது. பிறகு இருமலும் நின்றுவிட்டது.

"ஒரு நாள் ரயில்ல போங்களேன்," என்றாள் மனைவி கசுமி.

"கார் கம்பெனிக்கு ரயில்ல போறதுக்கு நான் போகாமலே இருக்கலாம்."

கசுமி சிரிக்கவில்லை. அந்த ஊரில் பிறந்தவள். ஊருக்கே சோறு போடுவது அந்தப் பெரிய கார் கம்பெனிதான். அதை எல்லாரும் தாய்க் கம்பெனி என்பார்கள். தாயைப் பார்க்கப் போகிறவன் தாய் செய்த காரில்தான் போக வேண்டும். முன்பு டயர் விற்க வந்த ஒருவன் விவரம் தெரியாமல் எதிரிக் கம்பெனி வண்டியில் வந்து இறங்கினான். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேநீர் கொடுத்து, குனிந்து வணங்கி வழியனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு டயர்கூட வாங்கவில்லை.

மினோரா விற்பது காரின் புகைக்குழாய். குமே என்பவரின் பட்டறையில் நாற்பது பேர் வளைத்துப் பற்றவைக்கும் குழாய்கள். தாய்க் கம்பெனிக் கார்களுக்கு அடியில் தவிர வேறெங்கும் அவை பொருந்தாது. மின்சாரக் கார் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து பட்டறையில் யாருக்கும் நல்ல தூக்கம் இல்லை. தாய்க் கம்பெனி கொண்டுவரும் புதுக் காருக்குப் புகைக்குழாய் உண்டா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும்.

"இல்லேன்னா மார்ச்சோட கதவைச் சாத்திடலாம்," என்று முதலாளி குமே முதல் நாள் சொல்லியிருந்தார். சொல்லும்போது மினோராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரியோஹெய் வண்டி சும்மாதானே நிக்குது," என்றாள் கசுமி.

ரியோஹெய் அவளுடைய தம்பி. ஊரோடு ஒட்டாத பிறவி. எதிரிக் கம்பெனியின் புத்தம் புதுக் காருக்கு வரிசையில் காத்துக் கிடந்து, குலுக்கலில் பெயர் விழுந்து, போன வாரம்தான் ஓட்டி வந்திருந்தான். எதிரி வண்டி என்பது போதாதென்று மின்சார வண்டி வேறு.

"ஒரு கீறல் விழக்கூடாது அத்தான்," என்று சாவியைக் கொடுத்தான்.

"தூரமா நிறுத்திட்டு நடந்து போயிடறேன். யார் கண்ணுலயும் படாது."

கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஒரு சூதாட்டக் கூடம் உண்டு. காலையில் அங்கே ஈ காக்கை இருக்காது. ஆனால் வாசல் கூட்டுகிற அம்மாள் இருந்தாள்.

"அட, மினோரா சாரா இந்த வண்டியில?"

"நான் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு மினோரா வண்டியைக் கிளப்பினார். அந்த அம்மாளின் மருமகனுக்குத் தாய்க் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை. இனி அங்கே நிறுத்தினால் ஊரே வந்து பார்க்கும்.

வழியில் ஒரு கடையில் கறுப்பு ஒட்டு நாடா வாங்கினார். முன்னால் இருந்த கம்பெனிச் சின்னத்தின் மேல் ஒட்டினார். பின்னால் ஒட்டினார். நான்கு சக்கரங்களின் நடுவிலும் ஒட்டினார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் எழுந்து வந்தது போல இருந்தது. வேறு வழியில்லை. நேரமாகிவிட்டது.

வாசலில் காவலாளி வண்டியைச் சுற்றி வந்தார். மினோரா ஜன்னலைப் பாதி இறக்கினார். காவலாளி குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆராய்ச்சிக் கொட்டகைக்குதானே சார்? சின்னத்த மறைச்சு ஒரு வண்டி வரும்னு போன மாசமே சொல்லி வெச்சிருக்காங்க."

இல்லை என்று சொன்னால் வண்டி விருந்தாளிகள் நிறுத்துமிடத்துக்குப் போகும். அது கொள்முதல் மேலாளர் கமியாவின் ஜன்னலுக்கு நேர் கீழே. கொட்டகை என்றால் நாலு சுவருக்குள் மறைந்துவிடும். மினோரா தலையாட்டினார்.

"சாவியக் குடுங்க, நாங்களே விட்டுடறோம்," என்றார் காவலாளி, சல்யூட் அடித்து.

இருபது வருடமாக வருகிறார். சல்யூட் இன்றைக்குத்தான்.

கமியாவுக்காக வாங்கிய இறால் அப்பளப் பெட்டி பின் சீட்டிலேயே போய்விட்டது. வெறுங்கையோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். காலைப் பொழுது முழுக்கக் காக்கவைத்தார்கள். நல்ல செய்திக்கு இவ்வளவு நேரம் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. வெல்டர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ஆனால் கமியா சிரித்துக்கொண்டே வந்தார்.

"மினோரா, மின்சாரம் நமக்குக் கட்டுப்படியாகலப்பா. எங்க எஞ்சினியருங்க முட்டி மோதிப் பார்த்துட்டாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டம். பெட்ரோலே போதும்னு கையெழுத்துப் போடறோம். உங்க குழாய்க்கு இன்னும் பத்து வருஷம் ஆயுசு."

மினோரா குனிந்த வேகத்தில் நெற்றி மேஜையில் இடித்தது. நிமிர மனமில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த நேரம் தேவைப்பட்டது.

வெளியே வந்ததும் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி இயந்திரங்களை நிறுத்தச் சொன்னது எதிர்முனையில் கேட்டது.

"சரி. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்," என்றார் குமே.

மினோரா கொட்டகைக்கு நடந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

ரியோஹெய்யின் வண்டி தரை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. கதவுகள் ஒரு பக்கம், சீட்டுகள் ஒரு பக்கம். நடுவில் வயிறு பிளந்த பேட்டரி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. இறால் அப்பளப் பெட்டிக்கும் ஒரு நம்பர்.

மச்சானுக்கு என்ன பதில் சொல்வது? கடன் வாங்கியாவது ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிடலாம். பத்து வருஷம் வேலை இருக்கிறதே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரு பெண் எஞ்சினியர் ஓடி வந்து, அவரை ஆழக் குனிந்து வணங்கினாள்.

"நீங்கதான் கொண்டாந்தீங்களா சார்? பிரிச்சுப் பாக்க நாங்க கேட்ட வண்டி வர மாசக்கணக்காகும்னு நேத்துதான் கையை விரிச்சாங்க. பேட்டரிய எப்படி இவ்வளவு மலிவா செய்யறாங்கன்னு தெரியாமத்தான் தோத்துக்கிட்டிருந்தோம், மூடியத் தொறந்ததும் புரிஞ்சுபோச்சு. கமியா சாருக்கு இப்பதான் போன் பண்ணினேன், பெட்ரோலுக்குக் கையெழுத்துப் போடாதீங்க, இனிமே நம்ம காருக்குப் புகைக்குழாயே வேணாம்னு."