நண்டு நெபுலாவும் ராணியின் கழுத்தும்

விருந்தாளிகள் வருகிற நேரம் பார்த்து, எனக்குத் தெரிந்ததை யாருக்காவது சொல்லிக்கொடுக்க நான் ஏன் புறப்படுகிறேன்? பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியும் இதற்கு விடை தெரியவில்லை.

அப்போது திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்த வாடகை வீட்டில் இருந்தோம். கணவரின் தங்கை ராணியைப் பொம்பிளை பார்க்கக் கிளிவெட்டியிலிருந்து வரவிருந்தார்கள். முன்பு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணி, மாப்பிள்ளை விஞ்ஞான வாத்தியாராம். ஏதும் கேட்டால்?" என்றாள் ராணி, அழாக்குறையாக.

(தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா நில் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?)

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவரின் போலரொயிட் கறுப்புக் கண்ணாடியை அவளுக்கு மாட்டி முற்றத்துக்கு இழுத்துப்போனேன்.

"கடலைப் பார். இப்ப தலையைச் சாய். இன்னும்... தோளில முட்டட்டும்."

"ஐயோ அண்ணி, கண் கூசுது!"

"அதுதான் முனைவாக்கம். தண்ணியில பட்டு வாற வெளிச்சம் ஒரு திசையில கூடுதலா அதிரும். இந்தக் கண்ணாடி அதை மறிக்கும், தலை சாய்ஞ்சா விட்டிடும். வானத்தில நண்டு நெபுலா எண்டு ஒரு முகில் இருக்கு, நடுவில துடிக்கிற நட்சத்திரம். தொலைநோக்கியில இப்படிக் கண்ணாடி பூட்டித் திருப்பித் திருப்பி, அந்த வெளிச்சம் கூடிக் குறையிறதை அளப்பினம்."

செய்துகாட்ட நானும் சாய்ந்தேன். குழந்தையும் சாய்ந்தது. "இதென்ன கூத்து?" என்று வந்த கணவர், எங்கள் முகத்தைப் பார்க்கத் தானும் சாய்ந்தார்.

அவர்கள் ஏறிவந்த மூதூர் லோஞ்ச் படகு அன்றைக்கென்று நேரத்தோடு வந்துவிட்டது. படலையைத் திறந்துகொண்டு மாப்பிள்ளையின் தாய், பின்னால் மாப்பிள்ளை.

"கடவுளே, இது பரம்பரையா வாற கழுத்து வருத்தமோ?"

நான் பதறிப்போய் நெபுலாவிலிருந்து விளக்கத் தொடங்கினேன். மாப்பிள்ளையோ கண்ணாடியை வாங்கி மாட்டிக் கடலைப் பார்த்துச் சாய்ந்தார். "அம்மா, உண்மைதான்!"

"தம்பி, நீ நேர நில்!"

அவர் சிரித்துக்கொண்டு ராணியிடம் நெபுலாவைப் பற்றி ஏதோ கேட்டார். "எனக்குத் தெரியாது, அண்ணியைக் கேளுங்கோ" என்றாள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. தாய்தான் அசையவில்லை.

"மாமி, கழுத்து வருத்தம் எனக்குத்தான்" என்றேன். "நான் வேற குடும்பம். ராணிக்கு ஒண்டுமில்லை. இவையெல்லாரும் என்னைப் பார்த்துப் பழகிட்டினம்."

கலியாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யார் படம் எடுத்தாலும் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துத்தான் நிற்பார்கள்.

ஆனால் அந்த மாமி வரும்போதெல்லாம் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவருகிறார். என்னைக் கதிரையில் இருத்தி, ஊர்க்கதை சொல்லிக்கொண்டே கழுத்துக்குத் தேய்த்துவிடுகிறார். அம்மா போன பிறகு என்னை அப்படித் தொட்டவர் வேறு யாருமில்லை. ராணிக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. என் கழுத்துக்கு ஒன்றுமில்லை என்ற உண்மையைச் சொன்னால் இனி ஒன்றும் கெட்டுவிடாது. சொல்லத்தான் வேண்டுமா? அடுத்த கிழமை வருகிறார். விடை தெரிந்தவர்கள் அதற்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.