படம் முழுக்க நான்

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை, மாலை 4 மணி 35 நிமிடம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், ஐம்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் செத்துப்போனேன்.

என் மனைவி கமலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

எழுதுவதற்கு ஆள் மிஞ்சியிருப்பதால் நான் உண்மையில் சாகவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். செத்தது சினிமாவில். ஆனால் அன்று அங்கே உட்கார்ந்திருந்தபோது, உண்மையாகவே போய்விட்டால் பரவாயில்லை என்று மூன்று முறை நினைத்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கினால் எண்ண வேண்டும். ஏறினாலும் எண்ண வேண்டும். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு மூட்டை இல்லை. அதனால் வீட்டில் உள்ளதை எண்ண ஆரம்பித்தேன். (கமலா தட்டில் வைக்கும் அப்பளம் உட்பட. அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.) மின்சாரத்திலும் எனக்குக் கண்டிப்பு அதிகம். எங்கள் படுக்கையறை மின்விசிறிக்கு ஐந்து வேகம். நான் அனுமதித்தது இரண்டு. இரண்டில் வைத்தாலும் அது 'கிரீச், கிரீச்' என்று கத்தும். ஆளைக் கூப்பிட்டால் காசு கேட்பான் என்று கத்தவிட்டேன்.

அந்த வருடம் எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் மூத்தோர் சங்கத்துக்குத் தலைவராக வேண்டும். பன்னிரண்டு வருடமாக மாணிக்கம் சார்தான் தலைவர். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தை இன்னும் ஐந்தாம் வகுப்பு மாதிரியே நடத்துகிறவர். தேர்தல் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் வீட்டில் சமையல் செய்துகொண்டிருப்பார்கள். ஓட்டு இருக்கும், வர மாட்டார்கள். மாணிக்கம் சாரின் பழைய மாணவர்கள் இருபது பேர் வந்து கை தூக்குவார்கள், கதை முடிந்தது. இந்த முறை தேர்தல் அக்டோபர் 20.

இந்த நேரத்தில்தான் யாழினி வந்தாள். கமலாவின் தம்பி மகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை. சனி ஞாயிறுகளில் கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்தக் காசில் படம் எடுப்பவள்.

"மாமா, ஷூட்டிங்குக்கு உங்க வீடு வேணும். மூணு நாள் போதும்."

"என்ன படம்?"

"ஒரு குடும்பத்துப் படம்லா மாமா."

கதையைத் தாளில் கொடுத்தாள். நான் பக்கங்களை எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஒன்றும் குறையவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். (படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு மூட்டையைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை.) ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வீட்டில் இருக்கும் ஒரு பொருளையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது.

"நகர்த்த மாட்டோம் மாமா. உங்க பெரிய போட்டோ ஒண்ணு மட்டும் குடுங்க. முதல் சீன்லேர்ந்து கடைசி சீன் வரைக்கும் நீங்க இருப்பீங்க."

அந்த வாக்கியத்தில் என் புத்தி போனது. பணி ஓய்வு விழாவில் பொன்னாடையோடு, பதினான்கு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான் எடுத்துக்கொண்ட போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். என்னைப் போன்ற ஒரு மனிதருக்கு இளைய தலைமுறை மரியாதை செய்கிறது என்று நினைத்தேன். அந்த மூன்று நாளும் என்னை புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கமலா மட்டும் வீட்டிலேயே இருந்தாள். "டீ போட ஆள் வேணும்ல" என்றாள்.

வெளியீட்டுத் தேதி தேர்தலுக்கு முந்தின நாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டேன்: "நான் நடித்த படம். படம் முழுக்க நான் வருகிறேன். அனைவரும் தத்தம் மனைவியரோடு, குடும்பத்தோடு வந்து ஆதரவு தர வேண்டும்." அரங்கம் நிரம்ப வேண்டும் என்பதற்காகத்தான் மனைவியரைச் சேர்த்தேன். மாக் மண்டினிலிருந்தும் பாலிக் புலாவிலிருந்தும் வந்தார்கள். மாணிக்கம் சாரும் வந்து முதல் வரிசையில், கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நட்டு உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் எங்கள் வீட்டுப் படுக்கையறை. கைதட்டினார்கள். நான் பாதி எழுந்து கும்பிட்டேன்.

அப்புறம் காமிரா மெல்ல மேலே போனது. சுவரில் நான். பதினான்கு பல்லோடு. கழுத்தில் சந்தன மாலை. சட்டத்துக்கு மேலே சிவப்புக் குட்டி பல்பு எரிகிறது. (இரவும் பகலும் எரிகிறது! என் கரெண்டில்!)

கும்பிட்ட கை அப்படியே நின்றது. பின்னால் யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள்.

கதை இதுதான். ஐம்பத்தெட்டு வயது விதவை. புருஷன் போய் எட்டு வருடம். உயிரோடு இருந்தவரை அவர் மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்க விட்டதே இல்லை. ஒரு நாள் மத்தியானம், புழுக்கம் தாங்காமல், கதவைச் சாத்திவிட்டு, அந்த அம்மாள் ஐந்தில் வைக்கிறாள். முந்தானையை விலக்கி, கட்டிலில் கைகால் பரப்பிப் படுத்து, காற்றை உடம்பு முழுக்க வாங்குகிறாள். முகத்தில் அப்படி ஒரு சுகம். மேலே சுவரில் நான் சிரித்துக்கொண்டே பார்க்கிறேன். பழைய மின்விசிறி, மக்கர் செய்கிறது. பழுது பார்க்க ஆ செங் என்கிற சீன எலெக்ட்ரீஷியன் வருகிறார். அவருக்கும் பெண்சாதி இல்லை. சரிசெய்துவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் அந்த அம்மாள் நாற்காலி போட்டு ஏறி, தானே ஸ்க்ரூவைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்குப் போன் போடுகிறாள்.

இப்படி ஐந்து வாரம். எனக்கு வியர்த்தது. கமலாவின் காதில் கேட்டேன்: "இது என்ன கண்றாவி?"

"பேசாம பாருங்க. நல்ல இடம் இனிமேதான் வருது."

ஆறாவது வாரம். அந்த அம்மாள் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொள்கிறாள். எட்டு வருடத்துக்குப் பிறகு தலையில் மல்லிகை. அரங்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம். வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம். அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். நேராக வருகிறாள். சந்தன மாலை ஆட, என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறாள். விளக்கு அணைகிறது.

திரை முழுக்க இருட்டு. மின்விசிறியின் குமிழ் திருகும் சத்தம் மட்டும். டக். டக். டக். டக். டக். ஐந்து. (நானும் எண்ணித் தொலைத்தேன்.) பிறகு:

கிரீச். கிரீச். கிரீச். கிரீச்.

எங்கள் வீட்டில் சங்க நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து கேட்கும் அதே சத்தம். புருஷனோடு அங்கே வந்து போகும் பாலிக் புலாவ் பார்வதி அக்காவுக்குத் தோட்டத்தில் டுரியான் பழம் விழுவதை வீட்டிலிருந்தே கேட்கிற காது, அதற்கேற்ற தொண்டை. அந்த இருட்டில் அது முழங்கியது:

"ஏ, இது நம்ம கோபால் அண்ணே வீட்டு ஃபேன்லா!"

கூரை பறந்தது. ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் அதற்கு மேல் சிரித்தார்கள். நான் நாற்காலியில் சரிந்து சரிந்து, கடைசியில் முதுகில்தான் உட்கார்ந்திருந்தேன். தலைவர் பதவி, அந்தக் கிரீச்சில் ஒவ்வோர் ஓட்டாக என்னைவிட்டுப் போவதைக் காதால் கேட்டேன்.

ஒருவழியாகப் படம் முடிந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். பெயர்கள் வர ஆரம்பித்தன. முதல் பெயர்:

கதை: கமலா கோபால்.

ஐம்பது தலை திரும்பியது. நான் கமலாவைப் பார்த்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விளக்கு போட்டதும் மாணிக்கம் சார் எழுந்தார். கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். அரங்கம் ஐந்தாம் வகுப்பானது.

"குடும்பப் பெண்களைக் கூட்டி வந்து காட்டுற படமா இது? ஒரு விதவை, அவளுக்கு ஆசை, அதைக் கதவைச் சாத்திக்கிட்டு... சீச்சீ! அம்மா கமலா, இந்த மாதிரிக் கதை உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு?"

கமலா எழுந்தாள். நாற்பத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒலிபெருக்கியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாழினி கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க வீட்டு ஃபேன்கிட்டயிருந்து வந்துச்சு சார்," என்றாள். "நாப்பத்து மூணு வருஷமா ரெண்டுலதான் ஓடுது. அஞ்சுல வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இவரு செத்தாத்தான் தெரியும்போலன்னு ஒரு நாள் நெனச்சேன். நெனச்சதும் பயமா இருந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. எழுதிட்டேன்."

பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. பிறகு பார்வதி அக்கா தன் புருஷனைப் பார்த்து, "எங்க வீட்ல ஃபேன் இல்ல, ஏர்கோன்" என்றார். அவ்வளவுதான், அங்கே பெரிய ஆரவாரம்.

மாணிக்கம் சார் என் பக்கம் திரும்பினார். குரலில் கருணை. "மிஸ்டர் கோபால், நீங்க மரியாதையான மனுஷன். நாளைக்குத் தேர்தல்ல நிக்கிறீங்க. இந்தப் படத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, உங்களை ஏமாத்திட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாரும் மறந்துடுவோம்."

உண்மையைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுந்தேன். ஏமாற்றிவிட்டார்கள்தானே! ஒலிபெருக்கியை வாங்கக் கமலாவிடம் கை நீட்டினேன். கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு கையில் கச்சாங் பூத்தே வந்த காகிதச் சுருளைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர் முன்னால் வாய்விட்டு இத்தனை பேசியவள், நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்குத்தான் பயப்படுகிறாள் என்று அப்போது தெரிந்தது.

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது வரவில்லை. எது வருமோ அதுதான் வந்தது.

"படத்துல ஒரு தப்பு இருக்கு," என்றேன். மாணிக்கம் சார் தலையாட்டினார். "ஆ செங் அந்த ஃபேனுக்கு மூணு ஸ்க்ரூதான் மாட்டுறாரு. அதுக்கு நாலு."

மேடை ஓரத்திலிருந்து யாழினி, "சாரி மாமா, ஒண்ணு கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு," என்றாள்.

"அதைத் தவிர எல்லாம் சரி. வீடு என் வீடு. ஃபேன் என் ஃபேன். செத்ததும் நான்தான். கதை எழுதினது என் பொண்டாட்டி. அடுத்த கதை எழுதினா, அதுலயும் சாகறேன்."

கைதட்டல் எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சங்கத்துக்குப் போனேன், தோற்பதற்கு. வாசலில் பெண்களின் செருப்பு. ஒன்றிரண்டல்ல, முப்பத்தேழு ஜோடி! பார்வதி அக்கா நெற்றி நிறையப் பொட்டோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு வீட்ல சமையல் இல்ல அண்ணே. அவருக்கு நாசி லெமாக் பொட்டலம் ஒண்ணு வாங்கி வச்சிட்டு வந்தேன்."

கை தூக்கச் சொன்னார்கள். மாணிக்கம் சாருக்கு இருபத்து மூன்று. எனக்கு நாற்பத்தாறு. சரியாக இரு மடங்கு. (இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.) வெளியே வரும்போது மாணிக்கம் சாரின் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்த எலெக்ட்ரீஷியன் நம்பர் இருக்குங்களா?"

தலைவரானபின் நான் போட்ட முதல் தீர்மானம், கூட்ட நேரத்தை மாலை நான்குக்கு மாற்றியது. அந்தப் படம் கோலாலம்பூர், ஈப்போ என்று சுற்றி வருகிறது; நானும் ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருக்கிறேன். போட்டோ திரும்ப எங்கள் படுக்கையறைச் சுவருக்கு வந்துவிட்டது, மாலை இல்லாமல். ஆனால் கமலாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எனக்குப் பிடிக்காத எதையாவது செய்யப்போகிறாள் என்றால், ஒரு புடவையோ, இரண்டாவது கேசரியோ, முதலில் போய் என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையறையை எட்டிப் பார்த்து, "தாத்தா சுவத்தைப் பாக்குறாரு, பாட்டி என்னமோ வாங்கிட்டாங்க!" என்று கத்துகிறார்கள்.

மின்விசிறியையும் சரிசெய்தாயிற்று. உண்மையான எலெக்ட்ரீஷியன் வந்த அன்று கமலா வேண்டுமென்றே தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வேலை முடியும்வரை நான் அந்த அறையைவிட்டு நகரவில்லை. அவர் போனபின் அவளே குமிழைத் திருகினாள். ஐந்து. சத்தமே இல்லை. இரண்டு பேரும் கட்டிலில் மல்லாந்து படுத்துக் காற்று வாங்கினோம். நாற்பத்து மூன்று வருடமாக இதையா வேண்டாம் என்றேன்!

செலவு: பேரிங்கும் கூலியும் அறுபத்தைந்து மலேசிய வெள்ளி. காணாமல் போன ஸ்க்ரூ ஒன்றுக்கு நாற்பது காசு. ஆக, அறுபத்தைந்து வெள்ளி நாற்பது காசு.