கொலுவில் செட்டியார் விழுந்து கிடந்த விஷயம்

மாதுங்கா,
நவராத்திரி ஏழாம் நாள்

அன்புள்ள ஜம்பு அத்திம்பேருக்கு, பத்ரி அநேக நமஸ்காரம். இங்கே நான், வந்தனா, குழந்தை ஷாலினி மூவரும் சௌக்கியம். முலுண்டில் நீங்களும் ஷ்யாமளா அக்காவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், முந்தாநாள்தானே கொலு பார்க்க இங்கே வந்து போனீர்கள். ஆனாலும் விசாரிக்காமல் ஆரம்பித்தால் கடிதம் மாதிரியே இருக்காது. போனில் உங்களிடம் "சரி அத்திம்பேர்" என்பதற்கு மேல் இதுவரை நான் பேசியதில்லை. அதனால்தான் தபால்.

கொலுப்படிக்குக் கீழே தரையில் பார்க் வைப்பது நம் வீட்டு வழக்கம். பத்து வயசாகிறதே, இந்த வருஷம் ஷாலினியே வைக்கட்டும் என்று விட்டோம். அவள் பார்க் வைக்கவில்லை. அட்டைப்பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, கிரிக்கெட் செட் பொம்மைகளை மட்டையும் கையுமாக ஒரு பெட்டி வாசலில் நெருக்கி, செட்டியாரை மல்லாக்கத் தள்ளியிருந்தாள். செட்டியாரம்மா கடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பேண்டு வாத்திய செட்டில் டிரம் அடிக்கிறவன் செட்டியார் வயிற்றின் மேல் ஏறி நின்றான். அக்கா சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, "என்னடா பத்ரி, யுத்தம் நடந்த எடம் மாதிரி இருக்கு?" என்றாள். நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாம் அந்தத் துப்பாக்கி கேம் பண்ற வேலை. இன்னிக்கு பொம்மை, நாளைக்கு மனுஷா" என்றீர்கள். நான் "சரி அத்திம்பேர்" என்றேன். வீடு போய்ச் சேருவதற்குள் பாலக்காட்டில் உங்கள் சிநேகிதர் நடத்தும் விடுதிப் பள்ளியில் பேசி, விஜயதசமிக்குள் பதில் சொன்னால் ஷாலினிக்கு இடம் உண்டு என்று செய்தியும் அனுப்பிவிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து வந்தனா என்னிடம் பேசுவதில்லை. வேளாவேளைக்கு உப்புமா மட்டும் வருகிறது.

கேம் விஷயத்தை நான் அலட்சியம் பண்ணவில்லை அத்திம்பேர். நேற்று லீவு போட்டுவிட்டு, அவள் கேம் ஆடும்போது பின்னாலேயே உட்கார்ந்து பார்த்தேன். சுடுகிறாள், வாஸ்தவம், சுட்டுவிட்டுச் சிரிக்கிறாள், சமையலறைக்குள் நுழையும்போதுகூடச் சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்க்கிறாள், உள்ளே அவள் அம்மா இருந்தால் "அப்பா, கவர் தோ!" என்று இந்தியில் என்னிடம் பாதுகாப்புக் கேட்கிறாள். ஆனால் குளியலறையில் கரப்பான் வந்தால் அதே பெண்தான் என்னைக் கூப்பிட்டு, அடிக்காமல் வெளியே விடச் சொல்கிறாள். கரப்பானை அடிக்காமல் வெளியே விடுவது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. அதே கொலுவில் மேல்படியில் நரசிம்மர் ஓர் ஆளை மடியில் கிடத்திக் குடலை உருவிக்கொண்டிருக்கிறார். அவர் எதிரில் நின்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், நீங்கள் தொடையில் தாளம் போட்டீர்கள். குழந்தையிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்த நாம் யாருடைய குடலையும் எடுக்கவில்லையே. கோபம் வந்தால் நீங்கள் அதிகபட்சம் சாம்பாரைத் தள்ளி வைப்பீர்கள். சாமியும் கேமும் ஒண்ணாடா என்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் ஷாலினி இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பி வர என்னால் ஆகாது. அதனால் அவளை அனுப்புவதாக இல்லை. இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும்.

அக்காவின் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகி, அடுத்த கொலுவுக்கும் நீங்கள் ஜோடியாக வந்து இதே மாதிரி குறை சொல்ல அம்பாள் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள,
பத்ரி

பி.கு.: ஷாலினிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவள் கட்சியை நான் பேசுகிறேன் என்று தெரியட்டுமே என்று, உறையை ஒட்டும் முன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தினாள். "அய்யோ அப்பா, அது கேமே இல்ல. லோக்கல் ட்ரெயின்!" அட்டைப்பெட்டிகள் ரயில் பெட்டிகளாம். மட்டைக்காரர்கள் காட்கோபரில் ஏறிக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறவர்களாம். செட்டியார், மாதுங்காவில் இறங்கப் பார்த்து விழுந்துவிட்ட யாரோ ஒரு மாமாவாம். "அப்போ அவர் வயித்து மேல நிக்கறது யாரு?" என்று கேட்டேன்.

"நீதான். டிரம் உன் ஆபீஸ் பை. தெனம் சாப்பிடறச்சே சொல்லுவியே, ஒருத்தனை முழங்கையால இடிச்சேன், இன்னொருத்தன் மேல ஏறி உள்ள பூந்தேன்னு."

அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்றேன். "யாருமே என்னைக் கேக்கலையே" என்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக வந்தனா சிரித்தாள், அதுவும் வெகுநேரம்.

ஆகையால் பாலக்காட்டுப் பள்ளியில் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று உங்கள் சிநேகிதரிடம் சொல்லவும். நாற்பத்தைந்து வயதுக்காரர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்றும் விசாரித்து எழுதவும்.