வெண்டெல் வீட்டில் ஓட்டுக்கு முழுக்கு

இனிமேல் இந்த வீட்டில் ஓட்டெடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, கட்டிய டையைக்கூட அவிழ்க்காமல், வெண்டெல் ஸ்ட்ரிக்லின் பிரகடனம் செய்தார்.

மேஜையைச் சுற்றி மனைவி லுராலீன், மாமியார் மிஸ் யூடோரா, மகள் டாரா மூவரும் பீகன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. டாராவின் புருஷன் லைல் சோபாவில் படுத்திருந்தான். அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் வாயைத் திறந்ததெல்லாம் சாப்பிடத்தான்.

வெண்டெலின் வயிற்றெரிச்சலுக்கு நியாயம் உண்டு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பேர் வைத்து, அதையே உயிராகக் கொண்டாடும் அலபாமாக்காரர் அவர். சில வருடங்களுக்கு முன் அவருடைய கல்லூரி அணி ஆடிய ஆட்டம் அத்தனையும் ஜெயித்தது. ஆனால் சாம்பியன் யார் என்பதைக் களத்திலா முடிவு செய்தார்கள்? பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் உட்கார்ந்த இடத்தில் ஓட்டுப் போட்டார்கள். கோப்பை வேறு எவனுக்கோ போய்விட்டது. அன்றிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் உள்ளூர் ரேடியோவுக்குப் போன் போட்டு, "பிளேஆஃப் வேண்டும்! களத்திலேயே மோதித் தீர்க்கட்டும்!" என்று முழங்கி, அதற்கான விதிகளையும் அடுக்குவார். அடுத்த தெருவுக்கு ரேடியோ இல்லாமலே கேட்கும்.

வீட்டிலும் அதே அநியாயம்தான். புத்தாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு எந்த ஊர் போவது என்று வருடா வருடம் ஓட்டெடுப்பு நடக்கும். பெண்கள் மூன்று பேர், வெண்டெல் ஒருத்தர். முடிவு, கென்டக்கியில் இருக்கும் லுராலீனின் அக்கா வீடு. அங்கே கூடைப்பந்துதான் தெய்வம். கால்பந்து பற்றிப் பேச்செடுத்தால் கொட்டாவி விடுவார்கள்.

இந்த வருடம் அப்படி விட முடியாது. அணி இன்னும் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. புத்தாண்டு அன்று நியூ ஆர்லியன்ஸில் பெரிய ஆட்டம். பக்கத்து வீட்டு ஹாய்ட் இவருக்காக டிக்கெட்டுகூடச் சொல்லி வைத்துவிட்டான். கண்ணால் அதைப் பார்க்காவிட்டால் வாழ்ந்து என்ன பயன் என்பது வெண்டெலின் கட்சி.

"ஓட்டு வேண்டாம்னா பின்ன எப்படி? சீட்டுக் குலுக்கிப் போடணுமா?" என்றாள் லுராலீன்.

"பிளேஆஃப்! களத்துல இறங்கி மோதணும். ஜெயிச்சவங்க சொல்ற ஊருக்கு எல்லாரும் வாயை மூடிட்டுப் போகணும்."

"எதுல மோதறது?"

"லாடம் எறியறதுல."

மிஸ் யூடோரா முதல் தடவையாக நிமிர்ந்தார். "ஆள் விவரந்தான்!"

விவரமில்லாமலா? தூரத்தில் நட்ட இரும்பு முளையில் குதிரை லாடத்தை எறிந்து மாட்டும் அந்த ஆட்டத்தில், சர்ச் பிக்னிக்கில் வெண்டெலை ஜெயித்தவர் இன்னும் பிறக்கவில்லை.

"சரி," என்றாள் லுராலீன்.

சட்டென்று வந்த சரி. அனுபவமுள்ள எந்தப் புருஷனும் அந்த இடத்தில் உஷாராகியிருப்பான். வெண்டெலுக்கு வெற்றிக் களிப்பில் காது அடைத்திருந்தது.

"ரேடியோல சொல்றியே, அதே விதிதானே?" என்று அவள் கேட்டாள்.

"அதே விதி! ஒரு எழுத்து மாறக் கூடாது!"

"நல்லா யோசிச்சுக்கோ, கண்ணு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் விதி, என் கொல்லை, என் லாடம்!"

அன்று முதல் கொல்லைப்புறத்தில் டங், டங் என்று ஒரே சத்தம். எறிந்ததெல்லாம் முளையில் போய் மாட்டியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹாய்ட் எட்டிப் பார்த்தான்.

"லுராலீன் உடனே ஒத்துக்கிட்டாளா?"

"வேற வழி? அசந்துட்டா!"

"என் பொண்டாட்டி இப்படி உடனே சரின்னு சொல்லியிருந்தா நான் ஊரைவிட்டே ஓடியிருப்பேன்டா."

"பொறாமைடா உனக்கு. நியூ ஆர்லியன்ஸ்ல இறால் தின்னும்போது உன் ஞாபகமா ரெண்டு அதிகமாத் தின்கிறேன்."

நவம்பர் கடைசியில் வரும் தாங்ஸ்கிவிங் பண்டிகையன்று விருந்து வான்கோழியை ஒரு கை பார்த்துவிட்டு எல்லோரும் கொல்லைக்கு வந்தார்கள். பீகன் கொட்டைப் பலகாரத்தை மோப்பம் பிடித்து ஹாய்ட்டும் வந்துவிட்டான். லைலை மட்டும் சோபாவிலிருந்து பெயர்க்க முடியவில்லை. வெண்டெல் அணியின் சட்டையும் தொப்பியும் போட்டு, தோளைச் சுழற்றிக்கொண்டு, லாடத்தோடு கோட்டில் போய் நின்றார்.

"அவசரப்படாதே," என்று லுராலீன் மரக்கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டாள். "கமிட்டியோட அறிவிப்பு இருக்கு."

"எந்தக் கமிட்டி?"

"எல்லா டீமையும் இறக்கினா ஆட்டம் முடியவே முடியாது, ஒரு கமிட்டி உக்காந்து சிறந்த நாலு டீமைத் தேர்ந்தெடுக்கணும்னு ரேடியோல சொன்னது யாரு?"

"நாந்தான்."

"உக்காந்தோம். தேர்ந்தெடுத்தோம். முதலிடம், கென்டக்கி, என் டீம். ரெண்டாவது, கடற்கரை, டாரா டீம். மூணாவது, மலைவாசம், அம்மா டீம்."

"நாலாவது நியூ ஆர்லியன்ஸ்!" என்று வெண்டெல் கையைத் தூக்கினார்.

"நாலாவது, எங்கேயும் போகாம வீட்டுலயே கிடக்கிறது. லைல் டீம்."

உள்ளேயிருந்து லைல் அன்றுதான் திருவாய் மலர்ந்தான். "சோபா வசதியா இருக்கு, சார்."

"அப்ப நான்?"

"அஞ்சாவது. மயிரிழையில போச்சு. கமிட்டிக்கே ரொம்ப வருத்தம்."

வெண்டெலின் கையிலிருந்து லாடம் நழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை.

"நீங்களே டீம், நீங்களே கமிட்டியா? இது அடுக்குமா?"

"அவங்கவங்க டீமைப் பத்திப் பேசும்போது அவங்க வெளியே போயிடணும்னு நீதானே சொன்னே? போனோமே!"

"நான் போய் கிரேவி கிண்டிட்டு வந்தேன்," என்றார் மிஸ் யூடோரா.

"நான் ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்லையே!"

"யாரை ஜெயிச்சே?"

"பாஸ்டரை," என்று மிஸ் யூடோரா எடுத்துக் கொடுத்தார். "பாவம், அவருக்கு இடுப்புப் பிடிப்பு."

"அப்புறம் ஹாய்ட் அங்கிளை," என்றாள் டாரா. "கண்ணுல புரை."

"ரெண்டு கண்ணுலயும்," என்று ஹாய்ட் பெருமையாகத் திருத்தினான்.

லுராலீன் மரக்கரண்டியை நீட்டினாள். "நோஞ்சான் டீமை ஜெயிச்சுட்டு வர்றவனை உள்ளே விடாதீங்கன்னு போன திங்கக்கிழமைகூடத் தொண்டை கிழியக் கத்தினது யாரு?"

வெண்டெல் சட்டென்று கட்சி மாறினார். "நாலு பத்தாது! எட்டு டீம் வேணும்!"

"அடுத்த வருஷம் கமிட்டிகிட்ட மனுப் போடு, பரிசீலிப்போம்."

ஆட்டம் தொடங்கியது. லைல் சோபாவை விட்டு எழாததால் லுராலீன் எறியாமலே ஜெயித்தாள். டாரா பாட்டியைத் தோற்கடித்தாள். இறுதி ஆட்டத்தில் தாயும் மகளும். லுராலீன் கவுன் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலை முன்னே வைத்து வீசினாள். லாடம் ஒரு சுற்றுச் சுற்றி முளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"அடி சக்கை!" என்று வெண்டெல் தன்னை மறந்து துள்ளினார். நல்ல ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ரத்தம் அவருக்கு இல்லை. பிறகுதான் உறைத்தது. "இதை எப்போடி பழகினே?"

"நீ திங்கக்கிழமை திங்கக்கிழமை போன்ல கத்தும்போது எனக்குப் பொழுது போக வேண்டாமா?"

"இவ்வளவு கெட்டிக்காரி என்கூடவே மோதியிருக்கலாமே?"

"ஒருவேளை நீ ஜெயிச்சுட்டா?"

மனுஷர் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து லுராலீனுக்கே மனசு கேட்கவில்லை.

"இங்கே பாரு, பிளேஆஃப்ல இடம் கிடைக்காத டீமுக்கும் வருஷக் கடைசியில ஒரு ஆட்டம் உண்டுல்ல? உனக்கும் உண்டு. பரிசும் உண்டு. ஹாய்ட், வா, நீதான் எதிரணி."

பரிசு என்ற சொல்லில் வெண்டெலுக்கு உயிர் வந்தது. ஹாய்ட் எறிந்த முதல் லாடம் கோழிக்கூண்டில் விழுந்தது. அடுத்தது தக்காளிப் பாத்தியில். வெண்டெல் ஒன்றையும் தவறவிடவில்லை. டங்! டங்! டங்! கடைசி லாடம் முளையில் ஏறியதும் தொப்பியை வானத்தில் எறிந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஓடினார். டாரா விசிலடித்தாள். மிஸ் யூடோராவே கை தட்டினார். இந்த வருடமும் தோல்வியே இல்லை! மூச்சிரைக்க மனைவி முன்னால் வந்து மார்பை நிமிர்த்தி நின்றார்.

"எங்கே என் பரிசு?"

லுராலீன் அவர் கழுத்தைக் கட்டி ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு காரின் சாவியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"கென்டக்கி வரைக்கும் நீதான் ஓட்டுறே."